தீவில் இரண்டு இரவுக்கு ஓர் இடம்

தீவுக்குப் போகப் போகிறேன் என்று நான் சொன்னபோது அங்கே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கே தங்குவாய் என்றுதான் கேட்டார்கள். பாடசாலை அதிபர் விடுமுறைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். பூனாகலையிலிருந்து அம்மா போனில் கேட்டாள். வெலிமடையில் லீக்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த என் கணவர் தயாபரன் லொறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்.

"போறதுக்கு நான் ஒண்ணும் சொல்லல சக்தி. எங்க தங்குவ, அத மட்டும் சொல்லு."

அவர் நல்ல மனிதர். அந்தக் கேள்வியில் தடை எதுவும் இல்லை என்றே அவர் நம்புகிறார். தடை எங்கே இருக்கிறது என்று எனக்கும் விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை. ஆனால் மகளைப் பண்டாரவளையில் விடுதியில் சேர்த்தபோது அவள் எங்கே தங்குவாள் என்ற பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவள் படிக்கப் போனாள். கதிர்காமம் போனால் மடம் இருக்கிறது. இழவுக்குப் போனால் இழவு வீடே இருக்கிறது. பறவை பார்க்கப் போகிற முப்பத்தொன்பது வயதுக்காரிக்குத்தான் பாய் விரிக்க எங்கும் இடமில்லை.

நான் ஸ்பிரிங்வெளியில் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பறவைகளை எண்ணிப் பட்டியல் எழுதி வருகிறேன். பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பிள்ளைகள் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. பட்டியலை ஒவ்வொரு வாரமும் போனில் ஒரு குழுவுக்கு அனுப்புவேன். குழுவை நடத்துகிற தயானியை நான் நேரில் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது இளையவர். நவம்பரில் அவர் எழுதினார்: ஜனவரிக் கடைசியில் தீவில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, மொத்தம் ஒன்பது பேர், மேற்குக் களப்பை நீங்கள் எடுப்பீர்களா அக்கா?

கடலையொட்டி ஆழமில்லாமல் கிடக்கிற அந்த மேற்குக் களப்பில் பூநாரைகள் இறங்கும். பூநாரையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அந்தச் செய்தியை நான் ஏழெட்டுத் தடவை திறந்து பார்த்தது பூநாரைக்காக அல்ல. எனக்கு இதுவரை படிவங்கள் தந்திருக்கிறார்கள், பொறுப்புகள் தந்திருக்கிறார்கள். ஒரு களப்பை யாரும் தந்ததில்லை.

சிக்கல் படகில் இருந்தது. படகு பத்து மணிக்குத் தீவுக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பிவிடும். பறவைகள் கரைக்குக் கிட்ட நிற்பது விடிகிற நேரத்தில் மட்டும்தான். ஆகவே தீவிலேயே தங்க வேண்டும். எங்கே தங்குகிறோம் என்று எழுத்தில் காட்டுகிறவர்களின் பெயரைத்தான் தயானி பட்டியலில் சேர்ப்பார். ஜனவரி பன்னிரண்டாம் தேதி பட்டியலை மூடிவிடுவார். அதற்குப் பிறகு களப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்.

மற்றவர்களில் ஆறு பேர் ஆண்கள். கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். இரண்டு பெண்கள் அக்காவும் தங்கையும், அவர்களுக்குத் தீவில் சித்தி வீடு இருந்தது. "அவையின்ரை சித்தியிட்டக் கேட்டுப் பாக்கிறன் அக்கா" என்று தயானி சொன்னார். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கோயில் மடத்தைக் கேட்டேன். குடும்பமாக வந்தால் தருவோம் என்றார்கள். நான் தனியாக வருகிறேன் என்றதும், அப்படியென்றால் குடும்பம் எங்கே என்று கேட்டார்கள்.

பிறகு றிப்கா ஒரு இலக்கம் கண்டுபிடித்துத் தந்தாள். றிப்கா எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். பதுளை பசார் வீதியில் அவள் வாப்பாவுக்குத் துணிக்கடை. ஆசிரியர் அறையில் மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருந்த நேரம். போனை மேசையில் வைத்து இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டோம். தீவில் வீட்டின் ஒரு பக்கத்தை விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற ஒரு அம்மா எடுத்தார்.

"ஓம், ஆர் பேசுறது?"

"வணக்கம் அம்மா. நான் பதுளையில இருந்து பேசுறேன்."

"பதுளையோ? தேயிலைத் தோட்டப் பக்கமோ?"

"ஆமாங்க."

"வேலைக்கெண்டா நான் இப்ப ஒருத்தரையும் எடுக்கேல்லைப் பிள்ளை. போன மாசம்தான் ஒராள் வந்தவ. நல்ல பிள்ளை. உங்கடை பக்கம்தான்."

றிப்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

"வேலைக்கு இல்லைங்க. அறைக்கு."

"அறைக்கோ?" பின்னால் ஒரு கோழி கொக்கரித்தது. "ஆர் வாறது?"

"நான்தாங்க. நான் டீச்சர்."

"உங்களோடை ஆர்?"

"நான் மட்டும்தான்."

"தனியப் பொம்பிளையளுக்கு நான் குடுக்கிறேல்லை அம்மா. பிறகு ஊராக்கள் கதைப்பினம். குறை நினைக்காதேங்கோ."

போன் வைக்கப்பட்டது. றிப்கா தன் முந்தானையைத் தலையில் இழுத்துச் சரிசெய்தாள். கோபம் வந்தால் அவள் அதைத்தான் செய்வாள்.

"என்னா மனிசி அது! வேலைக்காரியாப் போனா வீட்டுக்குள்ள வச்சிக்குவா. காசு குடுத்துப் போனா வெளிய. நீங்க வேலைக்கே போயிருங்க டீச்சர், ரெண்டு நாளையில வேலய விட்டுட்டு வந்துறலாம்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "ஒங்க பறவையெல்லாம் ரஷ்யாவுல இருந்து கெளம்பி வருது. எங்க தங்குவன்னு யாரும் கேக்குறல்ல. ஒங்களுக்கு ஒரு கூடு தேடுறதுக்குள்ள எனக்கு நரைச்சிரும்."

சிரித்து முடித்தபின் என்னை உறுத்தியது அந்த அம்மா சொன்னது அல்ல. பதுளை என்று சொன்னதும் வேலைக்கா என்று கேட்கிற குரல்களை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். உறுத்தியது நான் சொன்னது. "நான் டீச்சர்." ஏன் சொன்னேன்? அறை கேட்கிறவள் தன் வேலையை ஏன் சொல்ல வேண்டும்? அந்த வீட்டில் இப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற, பெயர் தெரியாத எங்கள் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து என்னைப் பிரித்துக் காட்டத்தான் சொன்னேன். கேட்ட அந்த நொடியில் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றேன். அப்படி நின்றும் கதவு திறக்கவில்லை.

"அந்த அரசாங்க பங்களா என்னாச்சு?" என்று றிப்கா கேட்டாள்.

தீவில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றுக்கு இரண்டு அறைகள் கொண்ட ஒரு பங்களா இருந்தது. வனஜீவராசிகள் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். நவம்பரிலேயே அதிபரின் கையெழுத்தோடு விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். பதில் இல்லை. பதில் இல்லை என்றால் இல்லை என்றுதான் பதில் என்று நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அப்படித்தான். கேட்டு வராததை இரண்டாவது தடவை கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்கள்.

றிப்காவுக்கு அந்த வெட்கம் இல்லை. அவளே எண்ணை அழுத்தி, அவளுடைய நல்ல சிங்களத்தில் பேசினாள். பேசப் பேச அவள் புருவம் உயர்ந்தது. போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்:

"டீச்சர், டிசம்பர் பன்னெண்டாம் தேதி லெட்டர் போட்டுட்டாங்களாம். ஒங்களுக்கு ரூம் குடுத்தாச்சாம்."

"எங்க போட்டாங்க?"

"ஒங்க அட்ரஸுக்குத்தான். ஸ்பிரிங்வெளி மேல் பிரிவு, பதினாலாம் நம்பர்."

எனக்குப் புரிந்துவிட்டது. விண்ணப்பத்தில் வீட்டு விலாசத்தை எழுதியது என் பிழை. அடையாள அட்டையில் உள்ளதையே எழுத வேண்டும் என்று போட்டிருந்தது, எழுதினேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபிசுக்குப் போகும். அங்கிருந்து காலைப் பெரட்டுக்கு வரும். வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். எங்கள் வீட்டிலிருந்து இப்போது பெரட்டுக்கு யாரும் போவதில்லை. மாமியார் ஓய்வு பெற்றுவிட்டார். கணவர் லொறியில். நான் பாடசாலையில். தோட்டத்தில் வேலை செய்யாத வீட்டுக்கு வருகிற கடிதம் எந்தக் கையில் போய்ச் சேரும் என்பதற்கு ஒழுங்கு எதுவும் கிடையாது.

இரண்டு மணிக்குப் பாடசாலை விட்டதும் நேராக மலை ஏறினேன். அழகர் கங்காணி கொழுந்து நிறுக்கிற கொட்டிலுக்கு வெளியே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அழகர் அண்ணே, டிசம்பர்ல எங்க வீட்டுக்கு ஒரு லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சே!" அவர் முகம் மலர்ந்தது. "காக்கிக் கவரு. சிங்கம் போட்ட சீலு. ஒங்க மாமியா வெறகுக்குப் போறப்ப கையிலயே குடுத்தேன் டீச்சர். நாந்தான் குடுத்தேன்னு அது சொல்லலியா?"

"சொல்லலண்ணே."

"பாத்தீங்களா. 'அழகரு, இது அதானா'ன்னு கேட்டுச்சு. 'அதாத்தான் இருக்கும் அக்கா, வேற என்னாத்துக்குக் கவர்மெண்டு நமக்கு லெட்டர் போடுது'ன்னேன்." வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஒங்க லயத்துக்குத்தான் மொதல்ல வந்துருக்கு. எங்களுக்கெல்லாம் எப்பன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க டீச்சர்."

'அது' என்றால் எது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் லயத்தில் 'அது' என்றால் ஒன்றுதான். வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்று நான்கு தடவை வந்து பெயர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். முதல் தடவை எழுதியபோது என் மாமனார் உயிரோடு இருந்தார்.

நான் வீட்டுக்குப் போனபோது மாமியார் இராக்கம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அத்த, லெட்டர் எங்க?"

"எந்த லெட்டரு?"

"அழகர் அண்ணன் குடுத்தது."

அவர் கீரைக் காம்பை இரண்டு தடவை உடைத்தார். "அந்தப் பய வாயில ஒண்ணும் நிக்காது" என்றார். பிறகு எழுந்து உள்ளே போனார். சாமித் தட்டில் முருகன் படத்தைச் சற்றே சாய்த்து, பின்னாலிருந்து அதை எடுத்தார். காக்கி உறை. அரச பணிக்கு என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். நடுவில் குங்குமப் பொட்டு. பிரிக்கவில்லை.

"இது வந்து எத்தன நாளாச்சு தெரியுமா?"

"மார்கழி ரெண்டு. அழகரு குடுத்த அன்னிக்கே மஞ்சத் தடவி வச்சிட்டேன்."

"ஏன் எங்கிட்ட காட்டல?"

"காட்டுனா நீ பிரிச்சிருவ."

"பிரிக்கத்தான் லெட்டர் போடுவாங்க!"

"மார்கழில பிரிப்பாங்களா காணிப் பத்திரத்த? தை பொறக்கட்டும், மொத வெள்ளிக்கெழம அவனையும் வச்சிக்கிட்டு, ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் பிரிக்கலாம்னு வச்சேன். நாப்பது வருசம் பொறுத்தாச்சு, நாலு வாரம் பொறுக்கக் கூடாதா? நல்லது வந்த நேரத்துல ஏன் கத்துற?"

உறையைக் கிழித்தேன். அவர் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார், தாளைத் தொடாமல். வாசிக்கத் தெரியாதவர். ஆனால் தாளின் மேல் அவர் பார்வை இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"எத்தன பேர்ச்சு போட்டுருக்கான்?"

"அத்த, இது காணி இல்ல."

"பின்ன?"

"தங்குறதுக்கு. தீவுல ஒரு பங்களாவுல ரூமு. ரெண்டு நாளைக்கு."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, கிழிந்த உறையைப் பார்த்தார்.

"ரெண்டு நாளைக்கா?" என்றார். "ரெண்டு நாளைக்கா இம்புட்டுப் பெரிய சீலு வச்சு அனுப்புறான்?"

நான் கடிதத்தை மறுபடியும் வாசித்தேன். இரண்டாம் அறை. இருபத்து நான்காம் தேதியும் இருபத்தைந்தாம் தேதியும். கீழே வெட்டி எடுக்கிற மாதிரி ஒரு துண்டு. ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்திட்டு டிசம்பர் முப்பத்தோராம் தேதிக்கு முன் அனுப்ப வேண்டும், தவறினால் அனுமதி இரத்தாகும். அன்று ஜனவரி ஒன்பது. ஒன்பது நாளாக என் அறை இரத்தாகி, மஞ்சள் பூசப்பட்டு, முருகனுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நான் தினமும் காலையில் அதற்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுப் பாடசாலைக்குப் போயிருக்கிறேன்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதும் நினைவில்லை. என் பெயருக்கு வருகிற ஒன்றுகூட என் கையில் வந்து சேராதா என்று கேட்டது நினைவிருக்கிறது. அவர் கிழிந்த உறையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் கோபப்பட்டது நியாயம். ஆனால் கோபம் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். எதிரே இருந்தது நாற்பது வருடம் கூடை சுமந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துபோன ஒரு பெண். எனக்கு இரண்டு நாள் போனது. அவருக்கு என்ன போனது என்று கணக்குப் பார்க்க நான் தயாராக இல்லை. அந்தக் கணக்கைப் பார்த்தால் என் இரண்டு நாள் சிறிதாகிவிடும் என்று எனக்குத் தெரியும். எப்போதும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. எங்கள் வீட்டில் என் ஆசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க ஒரு பெரிய துக்கம் எப்போதும் தயாராக இருக்கும்.

வெளியே போய், தண்ணீர்ப் பைப்புக்கு மேலே சிக்னல் கிடைக்கிற கல்லில் நின்று திணைக்களத்துக்குப் போன் எடுத்தேன். இந்தத் தடவை நானே பேசினேன். என் சிங்களம் றிப்காவினுடையது போல் ஓடாது. ஆனாலும் விளங்கியது. அறையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் பங்களா காலிதான். ஆனால் அனுமதி இரத்தாகிவிட்டது. புதிதாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் இருபத்தொரு நாளுக்கு முன்பே வந்து சேர வேண்டும். இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது என்றேன். ஆமாம், ஆகவே முடியாது என்று அந்தப் பெண் அன்பாகவே சொன்னாள்.

கடிதத்தின் அடியில் பங்களா காவலர் பொன்னையா என்று ஒரு கைத்தொலைபேசி எண் இருந்தது. பெரிய நம்பிக்கையோடு அல்ல, இனி இழக்க ஒன்றுமில்லை என்ற எரிச்சலில் அதையும் அழுத்தினேன்.

"பொன்னையா கதைக்கிறன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு, மார்கழி, மஞ்சள் எல்லாம் சொன்னேன். ஏன் அவ்வளவும் ஒரு அந்நியரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் இடையில் 'ஓம் ஓம்' என்று மட்டும் சொன்னார்.

"அப்ப ரூம் சும்மாதான் கிடக்குமோ?" என்று நானே கேட்டேன், அவருடைய பேச்சு என்னைத் தொற்றிக்கொண்டு.

"சும்மாதான் கிடக்கும் டீச்சர். தூசு தட்டி வைப்பன். ஆனா லிஸ்டிலை பேர் இல்லாம திறப்பெடுத்துப் பூட்டைத் திறந்தனெண்டா என்ரை வேலை போயிடும்."

"வெளங்குதுங்க."

"குறை விளங்காதேங்கோ."

"இல்லைங்க." வைக்கப் போனவள் வைக்கவில்லை. கீழே தேயிலைச் சரிவில் ஒரு வாலாட்டிக் குருவி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் கடல் தாண்டி வந்ததுதான். "வராந்தா இருக்குங்களா?"

"இருக்கு. பெரிய வராந்தா. கடலைப் பாத்தபடி."

"அதுக்குப் பூட்டு?"

அவர் சிரித்தார், தொண்டைக்குள்ளேயே.

"வராந்தாவுக்கு ஆர் டீச்சர் பூட்டுப் போடுறது? நானும் மனிசியும் பின்னுக்குத்தான் இருக்கிறம். நான் ஒண்டும் காணேல்லை. ஆனா பனி கொட்டும், சொல்லிப்போட்டன்."

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டுச் சுபாஜினி, அவளுடைய நாத்தனார், லயத்துக் கடைசிக் காம்பராவில் குடியிருக்கிற இன்னொருத்தி. கொழுந்துப் பையைக்கூட இறக்கி வைக்காமல் வந்திருந்தார்கள். அழகர் கங்காணி ஒரு மணி நேரத்துக்குள் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார்.

"டீச்சர், வந்துருச்சாமே?" சுபாஜினி கேட்டாள். "நெசமாவா? எத்தன பேர்ச்சு? ரோட்டோரமா, உள்ளயா?"

எல்லோரும் என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் எதையும் விளக்கத் தெரிந்தவள்.

"காணி இல்லடி அது" என்று உள்ளேயிருந்து இராக்கம்மாவின் குரல் வந்தது. அவர் கதவில் வந்து நின்றார். முகத்தைக் கழுவி, திருநீறு பூசியிருந்தார். "அது டீச்சருக்கு வந்த லெட்டரு. கவர்மெண்டு கூப்புட்டுருக்கு. கடலுக்கு நடுவுல தீவு ஒண்ணு இருக்காம்ல, அங்க போயி பறவைய எண்ணிக் குடுக்கணுமாம். நம்ம டீச்சராலதான் முடியும்னு எழுதியிருக்கு. தங்குறதுக்குப் பங்களா குடுத்துருக்கான்."

"பங்களாவா!" என்றாள் நாத்தனார்.

"பின்ன? சீலப் பாரு."

சுபாஜினி உறையை வாங்கிச் சீலைப் பார்த்தாள். "டீச்சருக்குப் பங்களா" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, "அப்ப எங்க காணி?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் கொழுந்துப் பையோடு இறங்கிப் போனார்கள்.

அன்றைக்கு மாலையே கணவர் போன் எடுத்தார். செய்தி வெலிமடை வரை போயிருந்தது. "என்னா சக்தி, கவர்மெண்டே பங்களா குடுத்துருச்சாமே? இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கேக்குறேன்?" அவர் குரலில் பெருமை இருந்தது. லொறிக்குப் பக்கத்தில் நின்றவர்களிடமும் சொல்லியிருப்பார். அம்மாவும் எடுத்தாள். அவளும் மனம் நிறைந்து சந்தோஷப்பட்டாள்.

இரண்டு மாதமாக நான் சொன்னது ஒன்றுதான்: போக வேண்டும், பார்க்க வேண்டும். அதற்கு ஒருவரும் அசையவில்லை. என் மாமியார் சொன்ன ஒரு பொய்யில் எல்லாக் கதவும் திறந்தது. நான் கேட்டபோது அது பெண்ணொருத்தியின் ஆசை. அரசாங்கம் கூப்பிட்டது என்றதும் அது கடமை. நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போகிறேன் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்குப் போக வேண்டியிருந்தது. உண்மை பேசி வீட்டில் இருப்பதைவிடப் பொய்யோடு போவது எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போதும் அதற்காக வருந்துகிறேனா என்று தேடிப் பார்க்கிறேன். அகப்படுவது வருத்தம் இல்லை, எரிச்சல்தான்.

கடிதத்தை மேசையில் விரித்தேன். கீழே உள்ள துண்டை, தேதி தெரியாமல், பின்பக்கமாக மடித்தேன். மேல் பாதியை மட்டும் படம் பிடித்துத் தயானிக்கு அனுப்பினேன். பெயர், அறை எண், தேதிகள், சீல். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"கிடைச்சது அக்கா. சந்தோசம். மேற்குக் களப்பு உங்களுக்குத்தான். அதென்ன கடிதத்திலை மஞ்சள் கறை?"

கறி பட்டுவிட்டது என்று எழுதினேன். ஒரே நாளில் இரண்டாவது பொய், அதுவும் இலகுவாகவே வந்தது.

இராக்கம்மா அடுப்படியில் கீரையைக் கடைந்துகொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

"அத்த, ஒங்க பழைய படங்கு எங்க இருக்கு?"

கொழுந்து எடுக்கிறபோது பனியும் செடியும் உடம்பில் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த துணி அது. நனைந்தாலும் உள்ளே ஈரம் இறங்காது.

"பங்களாவுக்குப் போறவளுக்கு என்னாத்துக்குப் படங்கு?"

"விரிச்சுப் படுக்க."

"அங்க கட்டில் இல்லையா?"

"இருக்கு. உள்ள விட மாட்டாங்க. தேதி முடிஞ்சிருச்சு. வராந்தாவுலதான்."

மத்து நின்றது. அவர் திரும்பவில்லை. நான் காத்திருந்தேன். அப்படியென்றால் போகாதே என்பார், அல்லது மகனிடம் சொல்வேன் என்பார், அல்லது அழுவார். மூன்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"எந்த பங்களாவுல நம்மள உள்ள விட்டான்" என்றார். மத்து மறுபடியும் சுற்றியது. "கட்டிலுக்கு அடியில சாக்குல இருக்கு. ரெண்டு இருக்கும். நீலத்த எடுக்காத, அது கிழிஞ்சது. அவங்கிட்ட மட்டும் வராந்தான்னு ஒளறிறாத."

சாக்கை இழுத்தேன். பச்சைப் படங்கு தேயிலைக் கறை ஏறி விறைத்துப் போயிருந்தது. தரையில் விரித்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அதன் மேல் நீளவாக்கில் படுத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே போதவில்லை. நீலத்தையும் எடுத்தேன்.